தொண்ணூறு நாள் பத்தியம்

ஆடி மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை மணி ஐந்து ஐம்பது. மேற்கே கல்வராயன் மலையின் மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. மழை இல்லை. கொடியில் கிடந்த துண்டைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று மட்டும் இருந்தது.

நான் பின்வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது குடம். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் என் மருமகள் தேன்மொழி குனிந்து வாந்தி எடுத்தாள். ஒரு கையால் கல்லைப் பிடித்திருந்தாள். நிமிர்ந்து வாயைக் கொப்பளித்தாள். மறுபடி குனிந்தாள்.

என் மனைவி பார்வதி பல்பொடி டப்பாவோடு என் பின்னால் வந்து நின்றாள்.

"நேத்தும் எடுத்தா" என்றாள்.

குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை. என் மகன் குமரவேல் கருத்தடை அறுவை செய்துகொண்டு அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இந்தப் பக்கத்தில் சென்ற வாரம் சர்க்கரை ஆலை எடைமேடை நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, குடும்பத்தைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எழுதுகிறாற்போல இருந்தால் எழுதியிருப்பேன். இந்த வாரத்து விஷயத்தைத் தேன்மொழியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றிவிடவா என்றேன். "எதுக்கு மாமா? நல்லாப் பெருசாவே போடுங்க" என்றாள்.

அவளுக்கு ஏன் செய்யவில்லை

சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் எங்கள் ஊர். சர்க்கரை ஆலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் கரும்பு வண்டிகளை எடை போட்டு எழுதினேன். வண்டி எடை, கரும்பு எடை, கழிவு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. இட்லி எத்தனை, படி எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். குமரவேல் மினி லாரி வைத்திருக்கிறான். வெள்ளிமலைப் பக்கம் போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்து கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போடுகிறான்.

தேன்மொழிக்கு இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தைகள். மூத்தவள் பெண். இரண்டாவது பையன், எடை குறைவாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். அங்கேயே அவளுக்குக் கருத்தடையும் செய்துவிடலாம் என்று கேட்டார்கள். பையன் நிற்பானா என்று பார்த்துவிட்டுச் செய்துகொள்ளலாம் என்று சொன்னது நான்தான். அப்படிச் சொல்லாத தாத்தாவை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். அவளுக்குத்தான் ஆபத்து வந்தது. பிரசவமான இரண்டாவது வாரம் படுத்தால் மூச்சு முட்டியது, கால் வீங்கியது. இதயம் பெரிதாகிவிட்டது என்றார்கள். மாத்திரையில் மெல்லத் தேறினாள். ஆனால் இன்னொரு குழந்தை என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். மயக்க மருந்து கொடுப்பதும் யோசித்துத்தான் என்றார்.

காப்பர் டி வைத்தார்கள். நான்கு மாதம் உதிரம் நிற்காமல் போய், எடுத்துவிட்டார்கள். மாத்திரையும் அவள் இதயத்துக்கு ஆகாது என்றார்கள். மூன்று வருடம் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் குமரவேலே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்.

"நான் பண்ணிக்கிறேன்பா. அவளால முடியாது."

பார்வதி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "மூட்டை தூக்கறவன்டா நீ. இடுப்பு வுட்டுப் போச்சின்னா?"

"இடுப்புக்கும் அதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? டாக்டர் கிட்ட கேட்டுட்டேன்."

என் மகன் செய்யப்போவதை நான் செய்ததில்லை. எங்கள் மூன்று குழந்தைகளுக்குப் பிறகு பார்வதிதான் போய்ப் படுத்தாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து கள்ளக்குறிச்சி சாலையில் போன கரும்பு லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திருப்பிக் கொடுத்த பொட்டலம்

தை கடைசியில் கள்ளக்குறிச்சியில் அது நடந்தது. உள்ளே போனவன் அரை மணி நேரத்தில் வெளியே வந்தான். காலை அகட்டி நடந்தான். அவ்வளவுதான்.

நர்ஸ் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே ஆணுறைகள். வாசல் மேசையில், பத்துப் பேர் நிற்கிற இடத்தில், ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: மூன்று மாதத்துக்கு இதைப் போட்டுக்கொள்ள வேண்டும், மூன்று மாதம் முடிந்ததும் வந்து விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் விட வேண்டும்.

குமரவேல் பொட்டலத்தை வாங்காமல் தரையைப் பார்த்தான். நான் பக்கத்தில் நின்றதால்தான் அப்படி. நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தால் வாங்கியிருப்பான்.

நான் வாங்கினேன். வாங்கி, மேசையிலேயே திருப்பி வைத்தேன்.

"இதெல்லாம் வாணாம்மா. சின்னப் பசங்க இருக்கிற வூடு. எடுத்து ஊதிக்கினு தெருவுக்கு வந்துடுவாங்க. பொண்ணை மூணு மாசம் அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிடறேன். சரியாப் போச்சா?"

"அதுவும் சரிதாங்க அய்யா. ஆனா டெஸ்டுக்கு வரணும். மறந்துடாதீங்க."

"வரோம் வரோம்."

படியிறங்கும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற ஊரில் பிறந்தவன். என் கல்யாணமான வருடம் ஆடியில் பார்வதியைப் பார்க்கச் சைக்கிளில் பதினோரு மைல் போனேன். என் மாமியார் வாசலிலேயே ஒரு சொம்பு மோர் கொடுத்து, "வெயில் ஏறிக்கினு போவுது, கெளம்புங்க மாப்ள" என்று அனுப்பிவைத்தார். ஒரு மாதம் பிரித்து வைப்பது நமக்குத் தெரிந்த வேலை. மூன்று மாதமும் வைக்கலாம். அம்மை கண்டால் பத்தியம், பிரசவமானால் பத்தியம், இதற்கும் ஒரு பத்தியம். நாள் முடிந்தால் குளித்துவிட்டு எழுந்துவிட வேண்டியது. அப்படித்தான் என் கணக்கு ஓடியது.

தேன்மொழி பையனைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் பக்கத்தில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடம் போகிற பேத்தி எங்களோடு இருந்தாள். தினம் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்து எண்ணைச் சொல்வேன். பேத்தி கூடவே சொல்வாள். அம்மா வருகிற நாளை எண்ணுவதாக அவளுக்கு எண்ணம்.

தொண்ணூற்றோராம் நாள் தேன்மொழி வந்தாள். அன்று மாலை குமரவேல் தயங்கித் தயங்கிக் கேட்டான். "டெஸ்டுக்கு ஒரு நாள் போய்ட்டு வரட்டுமாப்பா? வாடகை லோடு ஒன்னு தவறும்."

"தொண்ணூறு நாள் சுத்தமா முடிஞ்சிருக்கு. அதை வேற பாட்டில்ல புடிச்சிக் குடுக்கணுமா? மானம் போற வேலை. வுடு" என்றேன்.

அவன் விட்டுவிட்டான். என் பேச்சை அவன் இதுவரை மீறியதில்லை. அதையும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

நாட்காட்டி

ஆடி நான்காம் தேதிக்குத் திரும்புகிறேன்.

பார்வதி மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கிற பட்டை வாங்கிவந்து பார்க்கச் சொன்னாள். இரண்டு கோடு. குமரவேல் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். அன்று இரவு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெள்ளிமலையில் வண்டிக்குள்ளேயே படுத்திருப்பதாக யாரோ சொன்னார்கள்.

மகன் பேசாமல் போனான் என்றால் நான் என்ன செய்தேன்? நாட்காட்டியை எடுத்தேன். தேன்மொழி திரும்பிவந்த தேதியைப் பேனாவால் வட்டமிட்டேன். அங்கிருந்து முன்னால் எண்ணினேன், பின்னால் எண்ணினேன். தாய்வீட்டில் இருந்த கடைசி வாரம், வந்த முதல் வாரம். பார்வதியைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"அவ கடைசியா தலைக்கு ஊத்தின தேதி இன்னான்னு கேளு."

"நீங்களே கேளுங்க. என் வாயால கேக்கமாட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே தேன்மொழி துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. உள்ளே வந்தாள். கையில் ஈரத்துணி அப்படியே இருந்தது. நாட்காட்டியைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள்.

"மாமா, தொண்ணூறு நாள் நீங்கதான எண்ணினீங்க. இப்ப எதை எண்ணிக்கினு இருக்கீங்க?"

பேனாவை மூடினேன்.

"வந்து நாலு நாள் கழிச்சி தூரமானேன். அத்தைதான் கோழிக்கறி வெக்கலாம்னாங்க, எனக்கு வயித்து வலின்னு வேணாம்னு சொன்னேன். அத்தைக்கு ஞாபகம் இருக்கும். எழுதிக்குங்க."

பார்வதி தலையாட்டினாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது.

தேன்மொழி அழவில்லை. பையனுடைய இரண்டு சட்டையைப் பையில் போட்டாள். அண்ணனுக்குப் போன் செய்தாள். பேத்தியின் தலையைச் சீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். நாங்கள் அறுவை செய்ததை ஊருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் மூட்டை தூக்காமல் காலை அகட்டி நடந்தவனை ஊர் விட்டுவிடுமா? தினத்தாளின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆபரேஷன் பண்ணின வூட்டுல தொட்டில் கட்டப் போறாங்களாமே. கலிகாலம்பா."

"தொட்டில் இன்னா, சேலையில ஏணையே கட்டுவாங்க. பொண்ணு மூணு மாசம் மலையோரம் காத்து வாங்கிட்டு வந்துருக்குது இல்ல."

பெஞ்சில் சிரித்தார்கள். நான் டீயை முழுதாகக் குடித்தேன், டம்ளரை வைத்தேன், காசைக் கொடுத்தேன், வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது எனக்கே உறுதியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. என் மனைவிக்குத் தேதி ஞாபகம் இருந்த பிறகும், எனக்கு உறுதி வரவில்லை.

தாழ்ப்பாள் இல்லாத கதவு

மூன்றாம் நாள் தேன்மொழியின் அண்ணன் மாணிக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தான். இஞ்சினை நிறுத்தவில்லை.

"மாமா, எங்க மச்சான்? வண்டியிலேயே குடித்தனமா?"

"உள்ள வாப்பா."

"உள்ள வரதுக்கு வரல. நாளைக்கு ஒம்பது மணிக்குப் பெரியாஸ்பத்திரி. நீங்க வரணும், மச்சானும் வரணும். எங்க பொண்ணு மேல அழுக்கு இருந்தா டாக்டரே சொல்லட்டும். இல்லன்னா உங்க பக்கம் யார் மேல இருக்குதுன்னு அதையும் சொல்லட்டும். அதோட இது எங்க பொண்ணோட உசுரு. அதை யாராவது நெனச்சீங்களா?"

நினைக்கவில்லை. மூன்று நாளாக நாளை எண்ணினேன், பேச்சை எண்ணினேன். இதயம் பெரிதான பெண் அவள் என்பது அவன் சொல்லும்வரை என் மனதில் முன்னால் வரவே இல்லை.

ஆள் அனுப்பினதில் குமரவேல் அன்று இரவே மலையிலிருந்து இறங்கிவந்தான். மறுநாள் டாக்டரம்மா முதலில் கேட்டது ஒரே கேள்வி. "மூணு மாசம் கழிச்சி டெஸ்ட் பண்ணீங்களா?"

குமரவேல் என்னைப் பார்த்தான். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தேன்.

"தனியா இருந்தாங்கம்மா. தொண்ணூறு நாள். ஒரு நாள் கம்மியில்ல" என்றேன்.

"அய்யா, மோட்டாரை நிறுத்திட்டீங்க. குழாய்ல நிக்கிற தண்ணியைத் தொறந்து வுடாம, தொண்ணூறு நாள் காவல் இருந்தா குழாய் காலியாயிடுமா? அது ஒன்னு. சில பேருக்கு வெட்டின இடம் உள்ளயே ஒட்டிக்கும். அது ரெண்டு. ரெண்டையும் நாள் சொல்லாது. டெஸ்ட்தான் சொல்லும். அதுவரைக்கும் உறை போடணும்னுதான் பாக்கெட் குடுக்கறோம். குடுத்தாங்களா இல்லையா?"

"குடுத்தாங்க" என்றேன். மேலே அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

குமரவேலிடம் ஒரு சின்ன டப்பியைக் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த கழிவறையைக் காட்டினார்கள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. போனவன் திரும்பி வந்தான். காது சிவந்திருந்தது.

"கதவு நிக்கலப்பா."

மாணிக்கம் எழுந்தான். நான் அவனை உட்காரச் சொன்னேன். நான் போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.

எழுபத்தோரு வயதில், முப்பத்தாறு வயது மகனுக்காக அப்படி நின்றேன். எதிரே பரிசோதனைக்கு வந்தவர்கள் வரிசை. மூன்று நிமிடம் ஆனது. ஒரு பெரியவர் வந்தார்.

"யாரு சார் உள்ள?"

"பையன்."

"சின்னப் பையனா?"

"இல்ல. பெரிய பையன்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"வயித்துப்போக்கு" என்றேன்.

அவர் இரக்கப்பட்டார். "மோர்ல வெந்தயம் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குத் துணையாகப் பக்கத்திலேயே நின்றார். அவர் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே சத்தமில்லை. ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம். என் முதுகுக்கு அந்தப் பக்கம் என் மகன் நிற்கிறான் என்பதையும், நான் இங்கே நிற்பது அவனுக்குத் தெரியும் என்பதையும் நினைக்காமல் இருக்க, பெரியவரிடம் பேரனுக்கு என்ன வயது என்று கேட்டேன். ஒரு கட்டத்துக்கு மேல் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

முடிவு மதியம் வந்தது. ஆய்வுக்கூடத்துப் பெண் ஜன்னலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உயிரணு இருக்கிறது, அசைகிறது. வெட்டின இடம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சொன்ன நாளில் வந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்.

மாணிக்கம் சீட்டை வாங்கிப் படித்தான். அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வார்டு

அறுவை தவறிப்போய் உண்டான கரு, தாய்க்கும் ஆபத்து. கலைத்துவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேன்மொழி கையெழுத்துப் போட்டாள். இதய டாக்டரும் வந்து பார்த்தார். இரண்டாம் நாள் அது நடந்தது. உள்ளே போகும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்று சாலையில் என்ன போயிற்று என்று எனக்குத் தெரியாது.

பிழைத்தாள். மூச்சு சீராக இருக்கிறது என்றார்கள்.

குமரவேல் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு ராத்திரி வண்டியில படுத்தியே, கொசு கடிக்கல?" என்றாள்.

"கடிச்சிது."

"நல்லாக் கடிக்கட்டும். போய்க் கஞ்சி வாங்கினு வா."

ஒரு மாதம் கழித்துக் குமரவேலுக்கு மறுபடியும் அறுவை செய்தார்கள். இந்த முறை பொட்டலத்தை அவனே வாங்கினான். நான் தெருவில் நின்றேன்.

கச்சிராயபாளையத்தில்

தேன்மொழி தாய்வீட்டில் இருந்தாள். குமரவேல் போய்ப் பார்த்துவிட்டு வருவான், கூட்டிவர முடியவில்லை. புரட்டாசி முதல் வாரத்தில் நானே போனேன். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"வூட்டுக்கு வாம்மா. தப்பு என்னுதுதான்."

"எனக்குத் தெரியும் மாமா, உங்களுக்கும் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியும். ஊருக்கு யார் சொல்றது?"

"ஊர் கெடக்குது."

"உங்களுக்குக் கெடக்கும். ஆறு மணிக்கு நான் பால் வாங்கப் போவணும். பொண்ணைப் பள்ளிக்கூடத்துல வுடணும். சிரிச்ச வாய்ங்க அங்கயேதான இருக்குது? அதுங்க காதுல வுழறாப்ல நீங்க சொல்லுங்க. வரேன்."

"இதையெல்லாம் எப்படிம்மா டீக்கடையில..."

"பேசினாங்க இல்ல? அப்ப டீ உள்ள எறங்கிச்சி இல்ல?"

நான் அங்கே டீ குடித்த விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தேன். எதை எடுத்தாலும் ஒரு வார்த்தை நாக்கில் நிற்காமல் நழுவியது.

மறுநாள் காலை பால் சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், சும்மா உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கடையில் இருந்தார்கள். எங்கள் ஊரில் பேரன் பிறந்தாலும், வண்டி வாங்கினாலும் இருக்கிறவர்களுக்கெல்லாம் டீ சொல்வது வழக்கம். கடைக்காரரிடம், "எல்லாருக்கும் ஒரு டீ போடு" என்றேன்.

"இன்னா பெரியவரே விசேஷம்?" என்றது தினத்தாள்.

"எங்க வூட்டுச் சங்கதிதான். தொட்டில் கட்டப் போறோம்னு சொன்னியே, அது."

நான் நின்றுகொண்டே சொன்னேன். மகனுக்குச் செய்ததைச் சொன்னேன். உறையைக் கொடுத்தார்கள், நான் திருப்பிக் கொடுத்தேன் என்று சொன்னேன். பரிசோதனை வேண்டாம் என்று தடுத்தது நான், என் மருமகள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவளைச் சந்தேகப்பட்டு நாள் எண்ணியதும் நான்தான் என்றேன். விந்து என்ற வார்த்தையை அந்தக் கடையில் நான் உரக்கச் சொன்னேன்.

மரம் அறுக்கிற ஒரு இளைஞன் தலை நிமிராமல் கேட்டான். "அப்போ மூணு மாசம் ஆனாலும் டெஸ்ட் பண்ணனுமா பெரியவரே?"

"பண்ணனும்பா. அதுவரைக்கும் உறை போடணும்."

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றான். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

தினத்தாள்காரர் தாளை மடித்து வைத்தார். டீயை மட்டும் குடித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. தேன்மொழி.

"எத்தினி பேரு மாமா இருந்தாங்க?"

"பதினேழு."

அந்தப் பக்கம் பையன் எதையோ கேட்டு அழுவது கேட்டது.

"ஞாயித்துக்கெழம வரேன். அவரை வண்டி எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. துணி ஜாஸ்தி இருக்குது."

பதினேழு டீ, ஒன்று பன்னிரண்டு ரூபாய். மொத்தம் இருநூற்று நான்கு.